குருவிக்கு எதற்கு ஜிகினா?

போன வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் குருவிக்கூடு அலங்காரப் போட்டி. நடுவராக வரச் சொன்னார்கள். ரிட்டயர் ஆனவனுக்கு இப்படிப்பட்ட வேலைகள்தான் தேடி வரும். போனேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் வெறும் பலகைக்கூடு ஒன்று கொடுத்திருந்தார்கள். அவர்கள் அதற்குப் பெயிண்ட் அடித்து, கலர் பேப்பர் சுற்றி, ஜிகினா தூவி, பாசிமணி கோத்து, கண்ணாடிச் சில்லு ஒட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் கூட்டை வாங்கியபடியே வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

"ஏம்ப்பா, நீ ஒண்ணும் ஒட்டலையா?"

"பெயிண்ட் வாங்கக் காசு இல்ல சார்."

முதல் பரிசு இவனுக்குத்தான் என்றேன். மற்ற இரண்டு நடுவர்களும் சிரித்தார்கள். "சார், இது அலங்காரப் போட்டி" என்றார் ஒருவர். அவர் சொன்னதும் நியாயம்தான். பையனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நான் வேடிக்கைக்காக அப்படிச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் முன்பு பரீட்சை லீவுக்கு வந்த பேத்தியும் நானும் ஒரு கூட்டை அலங்கரித்தோம். கரும்பச்சை எனாமல் பெயிண்ட், கூரைக்கு வெள்ளி ஜிகினாத்தாள், வாசலில் குருவி உட்கார ஒரு குச்சி. தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமே என்று மேற்குச் சுவரில் மாட்டினோம். பெயிண்ட் வாடை போன பிறகு ஒரு ஜோடி வந்தது. பேத்தி ஊருக்குக் கிளம்பிய அன்று உள்ளே குஞ்சுச் சத்தம் கேட்டது. குதித்துக்கொண்டே போனாள்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. மாலையில் ஏணி வைத்து ஏறினேன். பலகையில் கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் போலக் கொதித்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். இதற்கு மேல் எழுத வேண்டாம்.

"அதுக்கு வீடா கட்டுனீங்க? அடுப்புல்ல கட்டிருக்கீங்க" என்றாள் என் மனைவி. பேத்தி போனில் கேட்டபோது "எல்லாம் பறந்து போச்சும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. குருவிக்கூட்டின் வாசல் 32 மில்லிமீட்டர் இருந்தால் போதும். வாசலில் குச்சி கூடாது. பொந்துக்குள் போகும் பறவைக்கு அது தேவையில்லை, காக்கைக்குத்தான் வசதி. உட்புறம் பெயிண்ட் அடிக்கவே கூடாது. சொரசொரப்பான பலகையில்தான் குஞ்சு நகம் பதித்து ஏறி வரும். கருநிறம் வெயிலை இழுக்கும், பளபளப்பு எதிரியின் கண்ணை இழுக்கும். மழையில் நனைந்து உரிந்த தாளையும் உதிர்ந்த பாசியையும் குருவி கொத்தும். கூட்டை நிழல் விழும் சுவரில், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும். காற்றுப் போக மேலே இரண்டு சிறு துளைகள் வேண்டும்.

"பிள்ளைகளுக்கு ஆர்வம் வர வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். வர வேண்டும்தான். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினம் என்று 2010 முதல் கொண்டாடுகிறோம். சென்னையில் 'கூடுகள்' என்ற அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடு செய்யச் சொல்லிக் கொடுக்கிறது. நான்கு வருஷத்தில் பத்தாயிரம் கூடுகள் என்று 2024 நவம்பரில் பிரதமரே வானொலியில் பாராட்டினார். பலகையை அறுத்து, ஆணி அடித்து, கூடு செய்வதே பிள்ளைக்குப் பெரிய ஆர்வம்தான். ஜிகினா அதில் சேர்த்தி இல்லை.

நம்மிடமும் அலங்காரம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாக இலைகளால் செய்கிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. அது தாயாருக்கான அலங்காரம். உயிருள்ள பறவைக்கு நம் பெரியவர்கள் செய்த அலங்காரம் வேறு. எங்கள் சுந்தரபாண்டியத்தில் அறுப்பு முடிந்ததும் முதல் கதிரைக் குஞ்சமாகப் பின்னி வாசல் உத்திரத்தில் கட்டுவார் என் தாத்தா. தோரணம் மாதிரி தொங்கும். தை முழுக்கக் குருவிகள் அதில் ஊஞ்சலாடிக்கொண்டே நெல் கொத்தும். பார்க்கிற நமக்கு அழகு, குருவிக்குச் சாப்பாடு. அந்த ஓட்டு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கோல் துருத்திக்கொண்டிருக்கும். அதை யாரும் கலைக்க மாட்டார்கள்.

2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரே தெருவிளக்கு போடாமல் இருந்தது. அந்தப் பெட்டியை யாரும் அலங்கரிக்கவில்லை. தொந்தரவு செய்யாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

என் யோசனை இது. அலங்கரித்த கூடு ஷோகேஸில் இருக்கட்டும். சுவரில் மாட்டும் கூடு வெறும் பலகையாக இருக்கட்டும். பரிசை மாட்டிய அன்று கொடுக்காமல், அடுத்த வருஷம் எந்தக் கூட்டில் குஞ்சு பொரித்ததோ அதற்குக் கொடுங்கள்.

அந்தப் பையனின் கூட்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். வடக்குத் தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் லீவுக்குப் பேத்தி வருகிறாள். அவளுக்குப் பதினோரு வயது, இப்போது சொன்னால் புரியும். முதலில் பழைய கூட்டைப் பற்றிய உண்மையைச் சொல்லப் போகிறேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கதிர்க் குஞ்சம் பின்னலாம் என்றிருக்கிறேன்.