கார்பஸ் ஃபண்டைக் காட்டிச் சோலாரை ஒதுக்காதீர்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுக்குழுவில் சோலார் பேச்சு எழுந்தால் போதும், பதில் தயாராக இருக்கும். "தனி வீட்டுக்குச் சரி சார், அபார்ட்மென்ட்டுக்குக் கட்டுப்படியாகாது. சங்கத்தின் சேமிப்பான கார்பஸ் ஃபண்டு கரைந்துவிடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதே." கூட்டம் தலையாட்டும். தீர்மானம் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். கேட்க நியாயமாக இருக்கும் இந்தப் பேச்சு, கணக்குப் போட்டால் நிற்பதில்லை.

"கரண்ட் பில்லே நமக்குப் பெரிதாக வருவதில்லை" என்பது முதல் வாதம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற வீட்டு மீட்டரை மனதில் வைத்துச் சொல்வது இது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான பொது மீட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. 2022 செப்டம்பரில் மின்கட்டணத்தில் 1டி என்ற தனிப் பிரிவை உண்டாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள். 2023-ல் பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். மற்ற எல்லோரும் முதல் யூனிட்டிலிருந்தே முழு விலை கொடுக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணத்தோடு கலந்துவிடுவதால் அந்தத் தொகை யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்தது பணம். இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 60 வீடுகள் உள்ள ஒரு வளாகத்தை எடுத்துக்கொள்வோம். 20 கிலோவாட் சோலார் போட நிழல் விழாத இடம் சுமார் 2,000 சதுர அடி வேண்டும். உயரமான இரும்புச் சட்டத்தையும் சேர்த்துக் கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம். மொத்தம் 12 லட்சம். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு; வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் 500 கிலோவாட் வரை கிடைக்கும். தனி வீட்டுக்குத்தான் மானியம் என்று பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 20 கிலோவாட்டுக்கு 3.6 லட்சம் வரும். மீதி 8.4 லட்சம்.

சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். மழை நாள், பேனலில் படியும் தூசு எல்லாம் கழித்து, 20 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 28,000 யூனிட் என்று வைக்கலாம். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 2.24 லட்சம், அதாவது மாதம் சுமார் 18,670 ரூபாய் மிச்சம். 8.4 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 17,250. மின்வாரியத்துக்குக் கட்டும் நெட்வொர்க் கட்டணம், பேனல் கழுவும் கூலி இரண்டையும் கழித்தால் முதல் ஐந்து ஆண்டு லாபம் என்று எதுவும் இருக்காது. கொஞ்சம் கைப்பணம் போடவும் நேரலாம். அது வீட்டுக்கு மாதம் நூறு ரூபாயைத் தாண்டாது. ஆறாம் ஆண்டிலிருந்து மிச்சம் முழுதும் சங்கத்துக்கு. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் இன்வெர்ட்டர் மாற்ற வேண்டிவரும், அதற்கு ஆறாம் ஆண்டிலேயே ஒதுக்கிவைக்கத் தொடங்கலாம். பேனலின் ஆயுள் 25 ஆண்டு.

"சங்கத்துக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்?" என்பார்கள். வீட்டுக்காரர்களுக்குத் தரும் ஈடில்லாக் கடன் சங்கத்துக்குப் பொருந்தாது, உண்மைதான். ஆனால் கார்பஸ் ஃபண்டு பெரும்பாலும் எங்கே இருக்கிறது? பேங்கில் ஃபிக்ஸட் டெபாசிட்டாக. அந்த டெபாசிட்டின் பேரிலேயே ஓவர் டிராஃப்ட் வாங்கலாம். டெபாசிட் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதலாக வரும். டெபாசிட் உடையாது, அதன் வட்டியும் நிற்காது. கார்பஸ் கரையும் என்று பயப்படுகிறவர்கள் இந்த வழியைக் கேட்டுப்பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மானியம், வேலை முடிந்து மின்வாரியம் பார்த்த பிறகுதான் கணக்கில் ஏறும். அதனால் முதலில் 12 லட்சத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும், மானியம் வந்ததும் அதைக் கடனில் கட்டிவிடலாம். இந்தியாவில் செய்த செல், பேனலுக்குத்தான் மானியம் என்பதையும் கொட்டேஷன் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முதலீடே வேண்டாம், நாங்கள் போட்டுத்தருகிறோம், யூனிட் கணக்கில் பணம் கொடுங்கள் என்று வரும் நிறுவனங்களும் உண்டு. கையில் எதுவுமே இல்லாத சங்கத்துக்கு அது ஒரு வழி. ஒப்பந்தம் 15, 20 ஆண்டு ஓடும் என்பதால், ஆண்டுதோறும் விலை எவ்வளவு ஏறும், மாடி ஒழுகினால் பேனலை யார் இறக்கி ஏற்றுவது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மூன்றாவது, ஜெனரேட்டர். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் கிடைக்கும். லிட்டர் 92 ரூபாய் என்றால் எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு 26 முதல் 31 ரூபாய். மின்வெட்டு குறைவாக இருக்கும்வரை இது உறைக்காது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கீழ்த்தளத்தில் நிற்கும் ஜெனரேட்டருக்கு வெள்ளம்தான் முதல் எதிரி. மூழ்காமல் தப்பினாலும் டீசல் வாங்க வெளியே போக வேண்டுமே.

இந்த இடத்தில் சோலார் விற்கிறவர்கள் சொல்லும் ஒன்றையும் மறுத்தாக வேண்டும். "சோலார் போட்டால் கரண்ட் கட்டே தெரியாது" என்கிறார்கள். சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், மின்வாரியத்தின் கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனின் உயிரைக் காக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தினாலும் லிஃப்ட் நகராது. பேக்கப் வேண்டுமானால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும். பேட்டரிக்கு மானியம் இல்லை. அது தன் செலவைத் தானே அடைக்கவும் அடைக்காது. ஆகவே சோலாரையும் பேட்டரியையும் ஒரே கொட்டேஷனில் கலக்க விடாதீர்கள். இப்போது ஹைப்ரிட் இன்வெர்ட்டர் மட்டும் வாங்கிவைத்து, பேட்டரியை இரண்டாம் கட்டமாகச் சேர்க்கலாம். அதையும் ஒரு லிஃப்ட், ஒரு மோட்டார், மாடிப்படி விளக்கு, கேமரா என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. எல்லா வீட்டு ஏசிக்கும் பேக்கப் என்று ஆசைப்பட்ட இடத்தில்தான் திட்டம் உண்மையிலேயே கட்டுப்படியாகாமல் போகிறது. புயல் நாளில் மேகமும் மூடியிருக்கும், உற்பத்தி வெகுவாகக் குறையும். ஜெனரேட்டரை விற்றுவிட வேண்டாம். அது ஓடும் நேரம் குறைந்தால் போதும்.

மாடி ஒழுகும் என்ற பயத்துக்குப் பதில் எளிது: முதலில் வாட்டர்புரூஃபிங், பிறகு தளத்தைத் துளைக்காத கான்கிரீட் கட்டைகள் மேல் சட்டம். காற்றில் பறக்கும் என்பதற்கு, இந்தியத் தரநிலை சென்னைக்குச் சொல்லும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளரின் சான்றிதழ் கேளுங்கள். தர மறுக்கும் நிறுவனத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கடைசியாக, "நான் இரண்டு வருடத்தில் விற்றுவிட்டுப் போகிறேன், எனக்கென்ன?" என்று கேட்கும் உரிமையாளர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே சொன்ன கடன் முறையில் அவர் மொத்தமாக எதுவும் தரப்போவதில்லை. இருக்கும்வரை மாதம் சில பத்து ரூபாய், அவ்வளவுதான். மீதித் தவணை, வீட்டை வாங்குகிறவரின் பராமரிப்புக் கட்டணத்தில் தொடரும், பலனும் அவருக்கே. வாடகைக்கு இருப்பவருக்கும் இதே கணக்குதான்.

பொதுக்குழுவுக்கு முன் பொருளாளர் ஒரு வேலை செய்தால் போதும். கடந்த பன்னிரண்டு மாதத்தின் 1டி பில்களையும் டீசல் ரசீதுகளையும் கூட்டி, வெயில் நன்றாக அடிக்கும் பகல் பதினொன்று முதல் மூன்று மணிக்குள் எந்தெந்த மோட்டாரை ஓட்டலாம் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு எழுதிவர வேண்டும். எத்தனை கிலோவாட் தேவை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். கொட்டேஷன் கேட்பது அதற்குப் பிறகு.