பரிசு பெற்ற முட்டை

எங்கள் எதிர்வீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருக்கிறாள். சென்ற ஆண்டு ஈஸ்டருக்கு முன்னால், "வீட்டில் முட்டைக்கு வர்ணம் தீட்டிக்கொண்டு வா" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளும் தீட்டினாள். ஒரு பக்கம் சிவப்பு அப்பி, மறுபக்கம் மஞ்சள் ஒழுகி, நடுவே கட்டைவிரல் ரேகை ஒன்று அழுத்தமாகப் பதிந்திருந்தது. "இது என்னம்மா?" என்று கேட்டேன். "கோழிக்குஞ்சு, மாமா. உள்ளே தூங்குது" என்றாள். நான் கதை எழுதிப் பிழைப்பவன். இப்படி ஒரு வாக்கியம் எனக்கு அகப்பட்டு எத்தனையோ நாளாயிற்று.

மறுநாள் பரிசு வேறொரு முட்டைக்குக் கிடைத்தது. பட்டு நூல், ஜிகினா, முத்துச்சரம் எல்லாம் வைத்து இழைத்த முட்டை. பையனுடைய தகப்பனார் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து செய்தாராம். அவரே பெருமையாகச் சொன்னார். பையன் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டானாம். எதிர்வீட்டுப் பெண் தன் முட்டையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வரவில்லை. வரும் வழியில் சாக்கடையில் போட்டுவிட்டாள்.

இதற்குக் 'கற்றல் செயல்பாடு' என்று பெயராம். சந்தேகமில்லை, குழந்தைகள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தன் கையால் செய்தது குப்பை என்று அவள் கற்றுக்கொண்டாள். பிறர் உழைப்புக்குத் தான் கைதட்டல் வாங்கலாம் என்று அவன் கற்றுக்கொண்டான். இரண்டில் எது அதிகக் கெடுதல் என்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை.

"குழந்தைக்குக் கை வராது ஸார், நாம் கொஞ்சம் சரிசெய்து கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்கிறார்கள். கை எப்படி வரும்? கெடுத்துக் கெடுத்துத்தான் வரும்.

முட்டைக்கு வர்ணம் தீட்டுவதில் பேர் போன உக்ரேன் நாட்டைப் பாருங்கள். அங்கே இதற்குப் பிஸங்கா என்று பெயர். 'எழுதுவது' என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்த பெயர். ஓவியத்தையும் 'எழுதுவது' என்று சொன்ன தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. உருகிய தேன்மெழுகால் முட்டையின் மேல் கோடு இழைக்கிறார்கள். எது வெள்ளையாக நிற்க வேண்டுமோ அதற்கு முதலில் மெழுகு, பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கல், மஞ்சளாக நிற்க வேண்டியதற்கு மெழுகு, பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. முடிவில் கையில் இருப்பது கன்னங்கரேலென்று ஒரு முட்டை. அதை மெழுகுவத்திச் சுடரின் ஓரத்தில் காட்டித் துடைக்கத் துடைக்க, ஒளிந்திருந்த நிறங்களெல்லாம் வெளியே வருகின்றன. தப்பாக விழுந்த கோட்டை அழிப்பது லேசல்ல. அதையும் சேர்த்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். 2024-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. வீட்டில் பெரியவர் பக்கத்தில் சிறியவர் உட்கார்ந்து, பார்த்துப் பழகி வந்த கலை இது. பக்கத்தில் உட்காருவது வேறு. பிடுங்கிச் செய்வது வேறு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்து அந்த நீரில் முட்டையை வேகவிட்டால் செம்பழுப்பு ஏறும். ஒரு கொத்தமல்லி இலையை ஓட்டின் மேல் ஒட்டி, மெல்லிய துணியால் இறுகக் கட்டி வேகவைத்தால் இலையின் அச்சு விழும். வேகாத முட்டை ஒன்றை ஓட்டோடு வினிகரில் போட்டால் குமிழி விடும். ஓரிரு நாளில் ஓடு கரைந்து மெல்லிய தோல் மட்டும் மிஞ்சும். நெல்லை, குமரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குருத்தோலை இருக்கவே இருக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று ஓலையை மடித்துச் சிலுவை செய்கிறார்கள். கத்தோலிக்கர் வீடுகளில் அதைப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். அப்படி உலர்ந்த ஓலைகளை எரித்த சாம்பல்தான் மறுவருஷம் சாம்பல் புதனன்று நெற்றிக்கு வருகிறது. ஒரு வருஷம் சுற்றி வருவதைக் குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடப் புத்தகம் எது?

ஈஸ்டர் ஏன் வருஷத்துக்கு வருஷம் தேதி மாறுகிறது என்று கேட்கும் குழந்தையை மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள். மார்ச் 21-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது திருச்சபையின் கணக்கு. பெரும்பாலும் நம் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டியே வரும். நிலா வளர்வதைக் குழந்தை தினமும் ஒரு வட்டமாக வரைந்துவரட்டும். வட்டம் கோணினால் கோணட்டும்.

கடைகளில் இப்போது பெட்டி விற்கிறார்கள். முயல் வெட்டியே இருக்கிறது. ஒட்ட வேண்டிய இடத்துக்கு எண் போட்டிருக்கிறது. வேலைக்குப் போய்க் களைத்து வரும் தாய் அதை வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெட்டி தப்புச் செய்ய இடம் கொடுப்பதில்லை என்பதை அவள் தெரிந்துகொண்டு வாங்கட்டும். பள்ளிக்கூடத்தாருக்கு என் விண்ணப்பம் ஒன்றே: தயவுசெய்து பரிசை நிறுத்துங்கள். பெரியவர் கைவேலை எது, குழந்தையின் கைவேலை எது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

இந்த வருஷம் ஈஸ்டர் சமயத்தில் நானே ஒரு முட்டையும் வெங்காயச் சருகும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். குழந்தை முட்டையை வாங்கிப் பார்த்தாள். திருப்பி என் கையிலேயே வைத்தாள்.

"நீங்களே செஞ்சு குடுத்திருங்க, மாமா. நான் செஞ்சா நல்லா வராது" என்றாள்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த முட்டை வெள்ளையாகவே இருந்தது.