கால் கழுவுவதும் வைத்தியம்தான்

போன மாதம் எங்கள் பாட்னா கிளையின் பியூன், இரண்டு நாள் லீவு முடிந்து ஒரு பிளாஸ்டிக் டப், மக், சோப்பு, துண்டு சகிதம் வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'ஹாத்தி பாவ்' நோயாளிகளுக்குக் கொடுத்தார்களாம். நம்மூர் யானைக்கால்தான். "கால் கழுவச் சொல்றாங்க சார். இதுக்குப் பேரு வைத்தியமா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கும்பகோணத்தில் என் அத்தைக்கு இருபது வருஷம் யானைக்கால் இருந்தது. திடீரென்று குளிர்காய்ச்சல் வரும். கால் சிவந்து கொதிக்கும். வீட்டில் 'அமாவாசைக் காய்ச்சல்' என்போம். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் கொஞ்சம் கூடும். கல்யாண வீட்டில் பந்தி முடியும்வரை அத்தை சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டார். தலையெழுத்து என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

தலையெழுத்தும் இல்லை, அமாவாசையும் இல்லை. கொசு மூலம் வரும் புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிடுகிறது. நீர் வடியாத அந்தக் காலில், விரலிடுக்குப் புண் வழியாக பாக்டீரியா நுழைவதால் வருவதுதான் அந்தக் காய்ச்சல். புண் இல்லாமல் பார்த்துக்கொண்டால் காய்ச்சல் குறையும். காய்ச்சல் குறைந்தால் வீக்கம் ஏறுவதும் குறையும்.

அதற்குத்தான் டப்பும் சோப்பும். தினமும் சாதாரண சோப்பு, பச்சைத் தண்ணீர். விரலிடுக்கு, தோல் மடிப்பு எல்லாம் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். புண் இருந்தால் டாக்டர் தரும் களிம்பு. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைத் தூக்கி வைக்க வேண்டும். குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி நல்லது. காய்ச்சல் வந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே டாக்டரிடம் போக வேண்டும். எலாஸ்டிக் பேண்டேஜை அவரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்குவதும் இதே கதைதான். டிஸ்சார்ஜ் ஆகும்போதே இதைச் சொல்லி அனுப்பும் ஆஸ்பத்திரிகள் எத்தனை?

என் ஆதங்கம் இதுதான். 2004-லிருந்து யானைக்கால் பகுதிகளில் வருஷா வருஷம் மாத்திரை கொடுக்கிறார்கள். 2015-க்குள் ஒழிப்போம் என்றார்கள். இப்போது 2027 என்கிறார்கள். மாத்திரை அவசியம். வாசலுக்கு வரும் சுகாதார ஊழியரை "எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லை" என்று திருப்பி அனுப்பும் நம்மவர்களும் சாப்பிட வேண்டும். ஆனால் மாத்திரை நோய் பரவுவதைத்தான் தடுக்கும். வீங்கிய காலை வற்ற வைக்காது. வீங்கியவர்களுக்கு டப்பை நீட்டினால் மட்டும் போதாது. ஒரு நர்ஸ் உட்கார்ந்து, ஒரு தடவை கழுவிக் காட்ட வேண்டும். எங்கள் பியூனுக்கு அதை யாரும் செய்யவில்லை. அதனால்தான் அவருக்குச் சிரிப்பு.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா முகம் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டு வைத்துவிடுகிறோம். முகம் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஒரு பத்து நிமிஷம் தரையில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைப் பாருங்கள். விரலிடுக்கையும் பாருங்கள். எங்கள் அத்தைக்கு அதை ஒருவரும் செய்யவில்லை. நானும்தான்.