கோயில் பென்ஸுக்கு மேனுவல் கியர் வேண்டாம்



கோயில் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஓடும் பேச்சு உங்களுக்குத் தெரியும். நம்ம ஆலயத்தின் பழைய மெர்சிடிஸ் 240டி காரில் இருக்கும் ஓட்டோ கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு மேனுவல் பெட்டி மாட்டலாம் என்று இளைஞர் பிரிவுத் தம்பிகள் சொல்கிறார்கள். ஒரு குடும்பம் உபயம் எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. இன்னும் சிலர் 50 வெள்ளி, 100 வெள்ளி என்று கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். குழுவில் துண்டு துண்டாகப் பேசினால் சண்டையில்தான் போய் முடியுது. அதனால் வாகனத் தொண்டில் இருக்கும் நாங்கள் எங்கள் கருத்தை இங்கே முழுசா எழுதுகிறோம். இந்தக் காருக்கு அந்த மாற்றம் வேண்டாம்.

தம்பிகள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 240டி என்பது 2.4 லிட்டர் டீசல், 72 குதிரைசக்தி. ஓட்டோ பெட்டியோடு மேடு ஏறினால் பின்னால் வரும் லோரிக்காரருக்குக்கூட பொறுமை போய்விடும். அதே என்ஜினுக்கு மேனுவல் இருந்தால் இழுவை கொஞ்சம் தெளிவாக இருக்கும், எண்ணெயும் மிச்சம். பேட்டரி செத்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம், ஓட்டோவில் அது நடக்காது. பழைய ஓட்டோ பெட்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருது. இப்போ உள்ள பட்டறைகளில் முதல் வேலை கம்ப்யூட்டரைச் சொருகுவது. இந்தக் காரில் சொருக இடமே இல்லை! சொந்தக் காருக்கு ஒருவர் இதைச் செய்தால் நாங்களே போய் கை கொடுப்போம். இந்த டபிள்யூ123 மாடல் 1976 முதல் 1985 வரை சுமார் 27 லட்சம் வந்தது, மேனுவலும் கம்பெனியே போட்டு விற்றதுதான். பொருந்தாத கல்யாணம் ஒன்றும் இல்லை.

ஆனால் நம்ம கார் என்ன வேலை செய்யுது என்று பாருங்க. குருக்களை அழைத்து வருவது, நடக்க முடியாத பெரியவர்களை வீட்டிலிருந்து ஏற்றி வந்து மறுபடி கொண்டுபோய் விடுவது. திருவிழா அன்று ரதத்துக்கு முன்னால் தண்ணீர்ப் பெட்டிகளோடு ஊர்ந்து போவது. கடைசி வேலைதான் கியர்பாக்ஸைக் கொல்லும் வேலை.

ஒரு சின்னக் கணக்கு. மேனுவல் பெட்டியில் முதல் கியர் போட்டு, கிளட்சை முழுசா விட்டு, எண்ணெய் மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடினாலே இந்தக் கார் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் போகும். ரதம் அந்த வேகத்தில் போகாது. பாதி வேகம்கூட வராது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தேங்காய், தீபாராதனை, குழந்தைக்குத் திருநீறு என்று நின்று நின்றுதான் போகும். தலைநகரில் தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போகும் தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். இரவில் புறப்பட்டு மறுநாள்தான் போய்ச் சேருது. நம்ம ஊர்வலம் சின்னது, ஆனால் நடை அதே நடைதான்.

அப்படியானால் மேனுவல் ஓட்டுபவர் என்ன செய்வார்? இரவு முழுக்க பாதி கிளட்சில் நிற்பார். கிளட்ச் தட்டு தேய்ந்து, சூடேறி, கருகின வாடை ஊதுபத்தி வாசனையோடு சேர்ந்து வரும். இடது கால் நடுங்கும். முன்னால் காவடி, பால்குடம், வெறுங்காலோடு சனம். அங்கே ஒரு கால் நழுவினால் கார் குதிக்கும். ஓட்டோவில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் இருப்பது எண்ணெய். டோர்க் கன்வர்ட்டருக்குள் எண்ணெய் சுழன்றுதான் சக்தியைக் கடத்துது. பிரேக்கை மெல்ல விட்டால் நகரும், மிதித்தால் நிற்கும், தேய ஒரு தட்டும் நடுவில் இல்லை. எண்ணெய் சூடாகும் என்பது உண்மை. அதற்குத்தான் ரேடியேட்டரில் கூலர் இருக்கு. எண்ணெயைக் காலத்தில் மாற்றினால் போதும்.

அடுத்தது, யார் ஓட்டுவது? பட்டியலை எடுத்து எண்ணினோம். இந்தக் காரை எடுக்கும் ஒன்பது பேரில் நான்கு பேருக்கு டிஏ லைசென்ஸ், அதாவது ஓட்டோ மட்டும். அதில் இரண்டு பேர் பெரியவர்களை ஏற்றி இறக்கும் மகளிர் பிரிவுச் சகோதரிகள். மேனுவல் ஆக்கிவிட்டால் அவர்கள் சாவியைத் தொட முடியாது. மீதி ஐந்து பேரில் மூன்று பேருக்கு முட்டி வலி, எங்களையும் சேர்த்துத்தான்.

"பெட்டியை மாற்றுவது ஒரு நாள் வேலை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இல்லீங்க. கியர்பாக்ஸ் மட்டும் மாறாது. கிளட்ச் பெடலும் அகலம் குறைந்த பிரேக் பெடலும் வேணும். கிளட்சின் மேல் பம்ப், கீழ் பம்ப், நடுவில் குழாய். என்ஜின் பின்னால் இருக்கும் மெல்லிய தட்டை எடுத்துவிட்டு கனமான ஃபிளைவீல் போடணும், அதைச் சமன் பார்த்துப் போடாவிட்டால் கார் முழுக்க அதிரும். கிராங்க் முனையில் பைலட் பேரிங். புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், அடியில் தாங்கும் பிராக்கெட், மீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச், எல்லாம் பார்த்தாகணும். ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பெட்டி உள்ளே எந்த நிலையில் இருக்கு என்று மாட்டி ஓட்டின பிறகுதான் தெரியும்.

இதில் எங்களுக்குப் பயம் தருவது ஒரு சின்ன ஒயர். ஓட்டோ கார் பி-யிலும் என்-னிலும் மட்டும்தான் ஸ்டார்ட் ஆகும், அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கு. மேனுவலுக்கு மாற்றும்போது அந்த இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்துவிடுவது பல இடத்தில் வழக்கம். அப்புறம் கியரில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் கார் முன்னால் பாயும். நம்ம கோயில் வளாகத்தில் சனிக்கிழமை தேவார வகுப்புப் பிள்ளைகள் காரைச் சுற்றித்தான் ஓடுவார்கள். ஜேபிஜே, இன்சூரன்ஸ் இரண்டையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்காமல் கோயில் பெயரில் இருக்கும் வாகனத்தில் கை வைப்பதும் சரியில்லை. ஏதாவது நடந்தால் கேள்வி நிர்வாகத்தின் வாசலில் வந்து நிற்கும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பெட்டி செத்துவிட்டது என்று யார் பார்த்துச் சொன்னது? இரண்டாவது கியர் இடித்துக்கொண்டு விழுது, அது உண்மை. அதோடு கதவுப் பூட்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்வதில்லை. சாவியை அணைத்தாலும் என்ஜின் உடனே நிற்பதில்லை, பானெட்டைத் திறந்து ஸ்டாப் லீவரை அழுத்தித்தான் நிறுத்துகிறோம். மூன்றும் தனித்தனி நோய் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த டீசல் காரில் என்ஜினில் இருக்கும் ஒரே வேக்கம் பம்புதான் பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டு, என்ஜினை நிறுத்தும் டப்பா, கியர்பாக்ஸ் மோடுலேட்டர் எல்லாவற்றுக்கும் காற்றை இழுக்குது. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தால் இந்த மூன்று கோளாறும் சேர்ந்து வரும். மோடுலேட்டருக்கு வேக்கம் குறைந்தால் கியர் இடித்துத்தான் மாறும். கசிவு அங்கேதான் என்றால், ஆயிரக்கணக்கில் கொட்டி மேனுவல் மாட்டின பிறகும் என்ஜின் நிற்காது, கதவு பூட்டாது. ஃபேக்டரியில் ஒரு சீல் கசிந்ததற்காக மிஷினையே மாற்றச் சொன்னால் யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

கியர் எண்ணெயும் எப்போ மாற்றினது என்று புத்தகத்தில் பதிவே இல்லை. என்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது பி-யில் வைத்து அளவு பார்க்கணும். நிறம் சிவப்பாக இருந்தால் நம்பிக்கை உண்டு, கறுத்து கருகின வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் போயிருக்கலாம். ஃபில்டர் மாற்றணும், டோர்க் கன்வர்ட்டருக்கும் தனி வடிகால் ஸ்க்ரூ இருக்கு, அதையும் திறந்து வடிக்கணும். அதற்கப்புறமும் இடித்தால் பெட்டியை இறக்கி சீலும் தட்டும் மாற்றிக் கட்டலாம். பெட்டியே உடைந்திருக்கு, கட்ட முடியாது என்று தெரிந்தவர் பார்த்துச் சொன்னால், அன்றைக்குத் தம்பிகளோடு உட்கார்ந்து மறுபடி பேசுவோம்.

உபயம் எடுத்த குடும்பத்திடம் நேரில் போய்ப் பேசினோம். முதலில் சோதனை, பிறகு செலவு என்பதற்கு அவர்கள் சம்மதம். சில்லறையாகக் கொடுத்தவர்கள் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது எண்ணெய், ஃபில்டர் செலவுக்கு என்று எழுதித் தரலாம். பொருளாளர் செவ்வாய், வெள்ளி மாலைப் பூஜைக்கு இருப்பார்.

வரும் ஞாயிறு காலைப் பூஜை முடிந்து, மடப்பள்ளிக்குப் பின்னால் காரை நிறுத்தி ஒவ்வொரு குழாயாகச் சோதிக்கிறோம். கையால் அடிக்கும் வேக்கம் பம்ப் ஒன்று இரவல் கிடைத்திருக்கு. மேனுவல் வேணும் என்று சொன்ன தம்பிகள் கட்டாயம் வரணும், குழாய் எங்கே போகுது என்று பார்க்க இளம் கண்கள் வேணும். பசியாற தோசை உண்டு. பழைய வேட்டி போட்டு வாங்க, டீசல் கறை போகாது.