பெட்டியில் கிடக்கும் பொடிக்கல்

அணைக்கோ சுரங்கப் பாதைக்கோ இடம் பார்க்கும்போது பாறையைத் துளையிட்டு, உருளை உருளையாகக் கல் எடுப்பார்கள். எந்த ஆழத்தில் எடுத்தது என்று எழுதி, மரப்பெட்டியில் வரிசையாக அடுக்குவார்கள். ஒன்றரை மீட்டர் துளைத்ததில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளை மட்டும் கூட்டினால் 60 சென்டிமீட்டர்தான் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாறையின் தரம் 40 சதவீதம், மட்டமான பாறை. 1960களில் அமெரிக்கப் பேராசிரியர் டான் டீர் வகுத்த இந்தக் கணக்கை ஒரு மாணவர் அரை மணி நேரத்தில் கற்றுவிடலாம்.

நாள் பிடிக்கும் பாடம் வேறு. இந்தத் துண்டின் முனை துளைக் கருவி முறித்ததா, மலைக்குள்ளேயே இருந்த பிளவா? புது முறிவு பளிச்சென்று இருக்கும். பழைய பிளவில் துருக்கறை படிந்திருக்கும். தடவினால் விரலில் களிமண் ஒட்டும். முன்னதை உடையாத கல்லாகவே எண்ண வேண்டும். பின்னதைத் தவறவிட்டால் மலையையே தப்பாகப் படித்ததாகிவிடும்.

சரி, இதில் ஆய்வகத்துக்குப் போவது எது? நீளமாக, முழுசாக வந்த துண்டு. அதை நசுக்கிப் பார்த்து, இத்தனை மெகாபாஸ்கல் தாங்கும் என்று அறிக்கை எழுதுகிறோம். பொடிந்து வந்ததை எந்த இயந்திரத்திலும் வைக்க முடியாது. அது பெட்டியிலேயே கிடக்கும். மலை சரிவதோ பெரும்பாலும் அந்தப் பொடி வந்த இடத்தில்தான். நல்ல துண்டின் எண்ணோடு நம் பொறியியல் கல்வி நின்றுவிடுகிறதே என்பதுதான் என் கவலை. மண் இயக்கவியல் எல்லா சிவில் மாணவர்களுக்கும் கட்டாயம். பாறை இயக்கவியல் பெரும்பாலான இடங்களில் விருப்பப் பாடம். எடுக்காமலே பட்டம் வாங்கிவிடலாம். அப்படி வாங்கியவர்தான் நாளை மலைச்சாலைக்கும் குடைவுக்கும் பொறுப்பாளர்.

பிரான்சின் தெற்கே, பிரேஜுஸ் ஊருக்கு மேலே இருந்த மால்பாசே அணையை நினைத்துப் பார்க்க வேண்டும். 66 மீட்டர் உயரத்தில், மெல்லிய வில் போல வளைந்த அணை. வடிவமைத்த ஆந்த்ரே கொய்ன் அக்காலத்தின் தலைசிறந்த அணைப் பொறியாளர்களில் ஒருவர். 1959 டிசம்பர் 2 இரவு, அடைமழையில் நீர்த்தேக்கம் முதன்முறையாக நிரம்பிய வேளையில் அது உடைந்தது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கான்கிரீட்டில் குறை இல்லை என்பது பிறகு தெரிந்தது. போனது இடது கரையின் பாறை. அணையின் பாரம் ஏறியதும் அந்த நைஸ் பாறையின் நுண்பிளவுகள் இறுகி மூடிக்கொண்டன. நீர் கசிந்து வெளியேற வழியில்லாமல், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கீழே சற்றுத் தள்ளி ஒரு பிளவுத்தளம் குறுக்கே ஓடியது. யாரும் அதைக் கண்டிருக்கவில்லை. இரண்டுக்கும் இடையில் ஆப்பு வடிவில் நின்ற பாறை, அணையோடு சேர்ந்து கிளம்பிவிட்டது. அணையின் அடியில் இருக்கும் பாறைக்கும் வடிகால் வேண்டும் என்பது பொறியாளர்கள் மனத்தில் அழுத்தமாகப் பதிந்தது இதற்குப் பிறகுதான்.

நான்கே ஆண்டுகளில், 1963 அக்டோபர் 9 அன்று, இத்தாலியின் வயோந்த் நீர்த்தேக்கத்தில் டோக் மலைச்சரிவு அப்படியே வழுக்கி விழுந்தது. அணைக்கு மேலாகப் பாய்ந்த நீரில் சுமார் 2,000 பேர் இறந்தனர்; அணை இன்றும் நிற்கிறது. மலை நகர்வது அங்கே முன்பே தெரியும், மூன்று ஆண்டுகளாக அளந்தும் வந்தார்கள். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி நகர்வை அடக்கிவிடலாம் என்று நம்பினார்கள். அளவீடு கையில் இருந்தும், அது சொல்வதைக் கேட்டு வேலையை நிறுத்தும் துணிவு அங்கே யாருக்கும் வரவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. வடஆற்காடு பக்கமிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறை நல்ல கெட்டி. ஆபத்தும் அந்தக் கெட்டியால்தான். அத்தனை ஆழத்தின் பாரத்தைத் தாங்கி, இறுக்கத்தைத் தனக்குள் சேர்த்து வைத்து, ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். மேலே குடியிருப்புகளில் வீடுகள் அதிரும். அந்த வேளையில் யார் வீட்டு ஆள் கீழே இருந்தாரோ என்று பெண்கள் பதறுவார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் கோலார் தங்கவயலில் தொடங்கப்பட்டதென்றால் காரணம் தேட வேண்டியதில்லை. 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் அது விருப்பப் பாடமாக இருப்பது எனக்கு ஆறவில்லை.

2023 நவம்பரில் உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கப் பாதை இடிந்து 41 பேர் 17 நாள் உள்ளே கிடந்தபோது நாடே அந்த மீட்பைப் பார்த்தது. இயந்திரம் முறிந்த பிறகு கடைசிச் சில மீட்டர்களைக் கையால் தோண்டியவர்களைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியவர்கள்தான். ஆனால் இமயத்தின் நொறுங்கிய பாறையில் குடைவு போடும்போது, ஒவ்வொரு நாளும் அதைப் படிக்கிறவர் யார், அவர் சொன்னால் வேலை நிற்குமா என்ற கேள்வி பரபரப்போடு கரைந்துபோனது.

குடைவில் வெடி வைத்து, புகை அடங்கி, கல்லை அள்ளிய பிறகு பாறையின் முகம் புதிதாகத் தெரியும். பிளவுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, எங்கே ஈரம் கசிகிறது, எங்கே களிமண் பிதுங்குகிறது என்று புவியியலாளர் வரைந்துகொள்ள அப்போதுதான் நேரம். அதன்மேல் கான்கிரீட் பீய்ச்சிவிட்டால் அந்த முகம் மறைந்துவிடும். அடுத்த வெடிக்கு ஆட்கள் காத்திருப்பார்கள், நேரம் ஓடினால் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம். ஆகவே சுற்றிலும் அவசரப்படுத்துவார்கள். அந்த அரை மணி நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கும் கூலி கணக்கிட வேண்டும். தாங்கல் போதாது என்று அவர் எழுதினால், அவர் கையெழுத்தில்லாமல் அடுத்த வெடி வைக்கக் கூடாது. சிவில் மாணவர்கள் நான்கு ஆண்டில் ஒரு முறையாவது தலைக்கவசமும் விளக்குமாய் அந்த முகத்தின் முன் நின்று, தங்கள் கையால் அந்த வரைபடத்தைப் போட வேண்டும்.