டயருக்கும் வயது உண்டு

எங்கள் அப்பா நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்து ஓட்டியவர். பழைய வண்டி வாங்கப் போனால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன்பே சாக்கை விரித்து அடியில் படுத்துவிடுவார். சேஸில் வெல்டிங் வைத்த இடம், பட்டைக்கட்டு உட்காரும் பிராக்கெட், யூ போல்ட் என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். "பெயின்ட் புதுசா இருந்தா அங்கதான் நல்லாப் பாக்கோணும் கண்ணு" என்பார். அந்த வீட்டில் வளர்ந்த நான், 2018-ல் ஹூஸ்டனில் ஒரு பழைய டிராவல் டிரெய்லர் வாங்கியபோது குனிந்துகூடப் பார்க்கவில்லை.

டிராவல் டிரெய்லர் என்பது பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் அதில் உண்டு. விற்பவர் நம்மை நேராக உள்ளேதான் கூட்டிப் போவார். மனைவி சமையல் மேடையைப் பார்த்தார். பிள்ளைகள் அடுக்குக் கட்டிலில் ஏறிக்கொண்டார்கள். நான் டயரைப் பார்த்தேன். பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மே மாதம் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். ஐ-10 நெடுஞ்சாலையில் ஓசோனாவைத் தாண்டி ஃபோர்ட் ஸ்டாக்டன் போகும் வழியில், வலது பின் டயரின் மேல்பட்டை உரிந்தது. காரில் டயர் போனால் ஸ்டெப்னி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இங்கே, உரிந்த ரப்பர் சாட்டை மாதிரிச் சுழன்று, சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டைக் கிழித்து, பலகையை உடைத்து, அடுப்புக்குப் போகும் காஸ் குழாயை நசுக்கியிருந்தது. ஓடிப்போய் சிலிண்டர் வால்வை மூடினேன். பிள்ளைகளை வேலி ஓரத்தில் நிறுத்திவிட்டு, இழுவை வண்டி வரும்வரை அந்த வெயிலில் காத்திருந்தோம். அன்றுதான் முதல்முறையாக அடியில் படுத்தேன். டயரின் உள்பக்கம் டி.ஓ.டி. என்ற எழுத்துகளின் வரிசை முடியும் இடத்தில் 3210 என்று இருந்தது. 2010-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர். ஒன்பது வயதை நெருங்கிய டயரில் என் குடும்பத்தை இழுத்துப் போயிருக்கிறேன்.

லாரி டயர் ஓடித் தேயும். டிரெய்லர் டயர் நின்றே கெடும். வருடத்தில் பத்து மாதம் வெயிலில் ஒரே இடத்தில் நிற்கிறது. ரப்பரைக் காக்கும் மருந்து, டயர் உருண்டு நெளியும்போதுதான் நன்றாக மேலே கசிந்து வரும். நின்றுகொண்டே இருந்தால் அவ்வளவாக வராது. அதனால் பட்டன் ஆழத்தைப் பார்த்து இதை எடைபோட முடியாது. வயதைத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாறு வருடத்தைத் தாண்டிய டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். அந்த நான்கு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்பக்கமாக மாட்டியிருந்தால், படுத்தால்தான் தெரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நடுத்தர டிரெய்லர்கள் பலவற்றில், ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும் இரண்டு அச்சுகள் இருக்கும். ஆக 7,000 பவுண்டு. அவற்றில் அடிக்கடி காணப்படும் 14 அங்குல 'சி' ரக டயர், 50 பவுண்டு காற்றில் 1,760 பவுண்டு தாங்கும். நான்குக்கும் சேர்த்து 7,040. அச்சுக்கு முழுப் பாரம் ஏற்றினால் டயருக்கு மிஞ்சுவது 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்துக்குக்கூட இடமில்லை. காற்று கொஞ்சம் குறைந்தால் அதுவும் போச்சு. இதில் வேகம் வேறு. பக்கவாட்டில் வேறு குறி இல்லாத பல டிரெய்லர் டயர்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 65 மைல்; மேற்கு டெக்சஸின் ஐ-10 சாலையில் சட்டம் அனுமதிப்பதோ 80.

டயர் உரிந்து கார்கள் கவிழ்ந்து பலர் இறந்த பிறகு, 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 'டிரெட்' சட்டம் கொண்டுவந்தது. அதன் விளைவாகக் கார் டயர்களுக்குக் கடுமையான சோதனைகள் வந்தன. எஸ்.டி. என்று குறியிட்ட டிரெய்லர் டயர்களை அந்தத் தரவிதியிலிருந்து விலக்கிவிட்டார்கள். உள்ளே ஆள் உட்கார்ந்து போவதில்லை என்பது காரணமானால், இழுத்துப் போகும் வண்டியில் இருப்பவர்கள் யார்? பக்கத்துத் தடத்தில் வருபவர்கள் யார்?

இரண்டாவது டிரெய்லரைத் தேடியபோது அப்பாவின் சாக்குக்குப் பதில் ஒரு பாய், டார்ச், திருப்புளி, டேப் எடுத்துப் போனேன். முதலில் பார்த்த வண்டியின் சேஸ் கன்னங்கரேலென்று மின்னியது. அப்பா சொன்னபடி அங்கேயே நின்று பார்த்தேன். பட்டையைத் தாங்கும் பிராக்கெட், சேஸோடு சேரும் வெல்டிங் ஓரத்தில், பெயின்டைப் பிளந்துகொண்டு தலைமுடி அளவுக்குச் செந்நிறக் கோடு ஒன்று ஓடியது. அது விரிசல். உள்ளே துரு ஊறி வெளியே கசிகிறது. இன்னொரு வண்டியில், முன்கொக்கியின் நடுவிலிருந்து முன் அச்சின் இரண்டு முனைக்கும் டேப் பிடித்தேன். நாமக்கல் பட்டறையில் நூல் பிடித்துப் பார்ப்பது இதைத்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும். அங்கே முக்கால் அங்குலம் வித்தியாசம் இருந்தது. டயர்களின் உள்விளிம்பும் வழவழவென்று மொட்டையாகியிருந்தது. அச்சு விலகியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

முன்னால் 'ஏ' போல் கூடும் இரும்புகள் நீள இரும்போடு சேரும் இடத்தையும் விடாதீர்கள். பின்பம்பரில் யாராவது சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டியிருந்தால், அதன் வெல்டிங்கையும் பாருங்கள். அந்தப் பம்பர் கழிவுநீர்க் குழாயைச் செருகி வைக்கிற மெல்லிய தகட்டுப்பெட்டிதான், பாரம் தாங்க அல்ல. மிச்சிகன், ஒகையோ பக்கமிருந்து வந்த வண்டியானால், பனிக்குத் தூவும் உப்பு இரும்பைத் தின்றிருக்கும். மேலோட்டமான துரு பரவாயில்லை. திருப்புளியால் குத்தினால் அப்பளம்போல் ஏடு ஏடாக உதிர்ந்தால் திரும்பிவிடுங்கள்.

ஊரில் அப்பாவின் லாரியை எஃப்.சி.க்கு விடாமல் சாலையில் ஓட்ட முடியாது. இங்கே டெக்சஸில் 2025 ஜனவரி 1 முதல், வணிகத்துக்குப் பயன்படாத வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையே கிடையாது. அதற்கு வாங்கி வந்த ஏழரை டாலர் மட்டும் வேறு பெயரில் நிற்கிறது. இது தவறான முடிவு. சோதனையைத் திரும்பக் கொண்டுவர மனமில்லை என்றால், பழைய டிரெய்லர் விற்பவர்கள் டயர் செய்த வாரத்தையும் ஆண்டையும் விலைச்சீட்டிலேயே எழுத வேண்டும் என்று ஒரு விதியாவது போடட்டும். விற்பவருக்கு அதில் ஒரு காசு செலவில்லை.

கொரோனா காலத்தில், 2021-ல் மட்டும், வட அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டிகள் ஐந்து லட்சத்துக்கு மேல் தயாராகி வந்தன. அவற்றில் பல இப்போது கைமாறுகின்றன. நம்மவர்களும் ஆசையாக வாங்குகிறார்கள். நான்கு இலக்கத்தின் கடைசியில் 21 என்று இருந்தால், நான்கு புது டயரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். வீட்டில் உள்ளவர்கள் உள்ளே திரைச்சீலை பார்க்கட்டும். நீங்கள் பாயை விரித்து அடியில் படுங்கள்.