பரிசோதகர் வராத நாளின் கடன்

சென்ற மாதம் ஓர் இளைஞர் நம்மைக் காண வந்தார். விழுப்புரத்தில் ஒரு கடையில் கணக்கெழுதுபவர். நாள்தோறும் புதுச்சேரியிலிருந்து ரயிலில் போய் வருகிறார். பயணச்சீட்டின்றி ஏறியதற்காக அன்று காலை அபராதம் கட்டியிருந்தார். ஆனால் முகத்தில் வருத்தமே இல்லை. “ஐயா, ஓராண்டாகவே நான் சீட்டு வாங்குவதில்லை. இன்று கட்டியதைக் கழித்தாலும் லாபந்தான். தண்டனையும் செலுத்தியாயிற்று. பிறகு பாவமென்ன?” என்றார்.

அவர் கணக்கு தவறன்று. கட்டணம் ஒருவழிக்குப் பத்து ரூபாய், நாளொன்றுக்கு இருபது. முந்நூறு வேலை நாள்களுக்கு ஆறாயிரம். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 138-ஆம் பிரிவின்படி, சீட்டில்லாதவர் கட்டணத்தோடு, அதற்குச் சமமான தொகையோ 250 ரூபாயோ, இவற்றில் எது மிகுதியோ அதனையும் செலுத்தவேண்டும். 2004-இல் திருத்தம் வரும்வரை அந்த 250 வெறும் 50-ஆகவே இருந்தது. ஏமாற்றும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டாலோ கதை வேறு. 137-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையைப் பற்றிப் பேசுகிறது. இதனை நம் நண்பர் அறிந்திருக்கவில்லை.

ஆயினும் அவர் கேள்வி எளிதன்று. பழைய அறநெறி நூலாசிரியர் சிலர், மனச்சான்றைக் கட்டாமல், பிடிபட்டால் தண்டம் செலுத்த மட்டுமே கட்டும் சட்டங்கள் உண்டென்று வாதித்தனர். சுங்கவரியை அவர்கள் எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1954 நவம்பர் முதல் நாளுக்கு முன், எல்லைச் சுங்கச் சோதனையைக் கண்ட நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அவ்வாதம் இனித்திருக்கும்! ஆனால் ரயில் கட்டணம் வரியன்று. பெற்ற சேவைக்குரிய விலை. அரிசி வாங்கிவிட்டுக் காசு கொடாமல் வருவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அபராதம் அன்றைய பயணத்தின் கணக்கை முடிக்கிறது. பரிசோதகர் வராத நாள்களின் கணக்கு அப்படியே நிற்கிறது. திருச்சபையின் மறைக்கல்வியும் திருடியதைத் திருப்பிக் கொடுத்தல் நீதியின் கடமை என்றே கற்பிக்கிறது. வரிதண்டுவோர் தலைவனான சக்கேயுவை எந்த அதிகாரியும் பிடிக்கவில்லை. நான்கு மடங்கு திருப்பித் தருவதாக அவனே முன்வந்தான்.

ரசீது கேளாமல் பாதித் தொகையில் ‘முடித்துக்கொள்ளும்’ வழக்கமும் சிலரிடம் உண்டு. அது முதற் குற்றத்தோடு இரண்டாவதைக் கூட்டுவது. கையூட்டு வாங்குபவரையும் உடன் இழுப்பது. இன்னொன்றும் நம் குடும்பங்களில் நடக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சீட்டு வேண்டா. ஆகவே ஏழு வயதுச் சிறுவனிடம், “யாராவது கேட்டால் நான்கு வயது என்று சொல்” எனத் தாய் சொல்லிக்கொடுக்கிறாள். வில்லியனூர் அன்னையின் திருவிழாவுக்குப் போகும்போதே! புது நன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளை அவன். அரைச்சீட்டின் விலை எவ்வளவு?

உண்மையாகவே நேரமின்றி ஓடிவந்து ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது: 55-ஆம் பிரிவின்படி, ரயில்வே ஊழியரிடம் முன்னரே சொல்லி அனுமதிச் சான்று பெற்றால் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும், மிகைத் தொகை இல்லை. இப்போது கைப்பேசியிலும் முன்பதிவில்லாச் சீட்டு எடுக்கலாம். நாள்தோறும் செல்வோருக்கு மாதச் சீட்டு இருக்கவே இருக்கிறது.

இவற்றையெல்லாம் இளைஞரிடம் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “ரயில்வேக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? எந்தச் சன்னலில் வாங்குவார்கள்?” என்றார். பாவசங்கீர்த்தனம் கேட்ட பழைய குருக்கள் சொல்லிவந்த வழியை எடுத்துரைத்தோம்: பயணம் செய்யாமலே சீட்டு வாங்கிக் கிழித்துவிட வேண்டும். ஆறாயிரம் ரூபாயை நினைத்தோ என்னவோ, தயக்கத்துடன்தான் விடைபெற்றார்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து வெளிவருகையில் கோயில் வாயிலில் நின்றிருந்தார். மாதச் சீட்டை எடுத்துக் காட்டினார். மறு சட்டைப்பையில் கிழித்த சீட்டுகளின் துண்டுகள். இதுவரை நாற்பத்தொன்று ஆகியிருக்கிறதாம்.